படகுக்காரர் திட்டுகிறார்

மூன்று வாரம் என் உயிரை எடுத்தவன் ஒரு படகுக்காரன். விரல் நீளம்கூட இல்லாத, தலையில் முண்டாசு கட்டிய, திரையின் ஓரத்தில் நின்றபடியே நிற்கும் பொம்மைப் படகுக்காரன்.

அவன் வரும் விளையாட்டு ஜப்பானில் வந்தது. பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றின் அடியில் பொருத்தி, டிஸ்க் தட்டு போட்டு ஓட்டும் ஒரு துணைப்பெட்டியை அந்தக் காலத்தில் அங்கே விற்றிருக்கிறார்கள். வாங்க ஆளில்லாமல் சீக்கிரமே நிறுத்தியும் விட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஆபீஸ் விஷயமாக ஜப்பான் போனான். ஊரெல்லாம் சாக்லேட் வாங்கி வரும், இவன் அதைத் தூக்கி வந்தான். கூடவே இந்த விளையாட்டு இருந்த ஒரே ஒரு தட்டு.

"அக்கா, நீ தமிழ்ல எழுதிக் குடு, நான் உள்ள ஏத்திடறேன். ஆறு மாசம், அஷ்டே" என்றான். அஷ்டே என்றால் அவ்வளவுதான்; கன்னடம் கலக்காமல் அவனுக்கு ஒரு வாக்கியம் முடியாது.

நான் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறவள். பகல் முழுக்க 'மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்று எழுதி எழுதி அலுத்தவளுக்கு மந்திரவாதியும் ஆற்றங்கரையும் கசக்குமா? சரி என்றேன். ஆறு மாதம் நாலு வருஷமானது. சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குள் ஒரே ஒரு நியாயம் உண்டு. மொழியை மாற்றலாம், விளையாட்டை மாற்றக்கூடாது.

எழுதுவதுகூடப் பெரிதில்லை. ஒரு வரியைத் திருத்தினால் எங்கேயோ இன்னொன்று உடையும். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கடைசிவரை யாராவது ஆடிப் பார்க்க வேண்டும். தம்பி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எனக்கு நேரமில்லை. மிச்சம் இருந்தது அம்மா. தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளியில் தமிழ் படித்து, மைசூருக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டையரானவள். கன்னட மீடியத்தில் படித்த எனக்குத் தமிழ் எழுத்தை பைபிளில் விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, டியூட்டியாக எடுத்துக்கொண்டாள். மதியம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. வார்டில் அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைப்பதுபோல நேரம் போட்டு எழுதுவாள். 'பகல் 2.20. கோயில் பூசாரி பேச்சு பாதியில் நிற்கிறது. கவனிக்கவும்.' நாங்கள் சரிசெய்து, அவள் ஆடிப் பார்த்து, திருப்தியானால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிப்பாள். அவள் அடிக்காத வரை அது சரியாகவில்லை என்று பொருள்.

அந்த நோட்டில்தான் ஒரு நாள் இது வந்தது. 'பகல் 3.10. படகுக்காரரிடம் அக்கரைக்கு வழி கேட்டேன். முதல் தடவையே திட்டுகிறார். கவனிக்கவும்.'

படகுக்காரன் திட்டுவான்தான். முதலில் கேட்டால் நாணல் காட்டைத் தாண்டி வடக்கே போ என்று விவரமாகச் சொல்வான். இரண்டாவது தடவை சுருக்கமாக. மூன்றாவதிலிருந்து சிடுசிடுப்பான். மூலத்தில் 'அதுதான் சொன்னேனே' என்று சாதுவாகத்தான் இருக்கிறது. நான்தான் கொஞ்சம் காரம் சேர்த்து, 'எத்தனை தடவை சொல்றது? காதுல விழலையா?' என்று எழுதியிருந்தேன். "அக்கா, அப்படியே நீயே பேசற மாதிரி இருக்கு" என்று தம்பி சிரித்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் முதல் தடவையே ஏன் திட்ட வேண்டும்? நான் ஆடிப் பார்த்தேன். என்னிடம் மரியாதையாகத்தான் வழி சொன்னான். மறுநாள் அம்மாவின் நோட்டில் மறுபடி அதே புகார். எத்தனை முறை கேட்டோம் என்று உள்ளே எண்ணி வைக்கும் இடத்தில்தான் கோளாறு என்று தம்பி அதைப் பிரித்துப் போட்டு மாற்றினான். மறுபடி புகார். இன்னொரு விதமாக மாற்றினான். மறுபடி. நான் ஆபீசிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படகுக்காரன் முன்னால் போய் நிற்பேன். அவன் சமர்த்தாக வழி சொல்வான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

"அவரு ஏன் கண்ணு என்னை மட்டும் வையறாரு?" என்று அம்மா கேட்டாள்.

கடைசியில் தம்பி, "பிடு அக்கா, விட்டுடு, அம்மா ஆடறதை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு" என்றான். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவன் அங்கே, நான் இங்கே, போனில் பேசியபடி இருவரும் அதைப் பார்த்தோம்.

அம்மா படகுக்காரனிடம் போகிறாள். கேட்கிறாள். அவன் விவரமாகச் சொல்கிறான். அவள் நாணல் காடு வரை நடக்கிறாள். நிற்கிறாள். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. திரும்பி வந்து கேட்கிறாள். நாணல் காடு வரை நடக்கிறாள். நிற்கிறாள். திரும்பி வருகிறாள். ஏழாவது தடவை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

தம்பி போனில், "எண்ணிக்கை சரியாத்தான் இருக்குக்கா" என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. இனி வரப்போகும் வருஷங்கள் மொத்தமும் அந்த நிமிஷமே தோளில் ஏறி உட்கார்ந்துகொண்ட அலுப்பு. அம்மா உள்ளே படுத்திருந்தாள். நோட்டை எடுத்துப் புரட்டினேன். பூசாரி, கடைக்காரி, பாலம். எல்லாம் சிவப்பு மையால் அடித்தவை. படகுக்காரன் பற்றி ஒன்பது வரி, எதுவும் அடிபடவில்லை. அவற்றுக்கு நடுவில் விளையாட்டைச் சேராத ஒன்று இருந்தது.

'காலை 8.40. சின்னவன் ஞாயிறு வருவானா என்று மகளைக் கேட்டேன். முதல் தடவையே திட்டினாள். கவனிக்கவும்.'

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, டிபன் டப்பா மூடவில்லை, அவள் கேட்டது நாலாவது தடவை. அவளுக்கு அது முதல் தடவை. நான் சொன்னது என்ன என்பதும் நினைவிருந்தது. படகுக்காரனுக்கு நான் எழுதிக் கொடுத்த அதே வரி, ஒரு எழுத்து மாறாமல். வெட்கத்தில் எனக்கு நோட்டை மூடக்கூடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். "அந்த எண்ணிக்கையை எடுத்துடு. எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே சொல்லட்டும்" என்றேன்.

"ஒரிஜினல்ல அப்படி இல்லையேக்கா" என்று வாய் வரை வந்ததை அவன் முழுதாகச் சொல்லவில்லை. நாலு வருஷம் கட்டிக் காத்த நியாயத்தை மீற அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது. அடுத்த வாரம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் சொன்னதை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தோம்.

படகுக்காரன் இப்போது சளைக்காமல் வழி சொல்கிறான். அவனுக்கென்ன, அவனுக்குப் பஸ் பிடிக்க வேண்டாம். நானும் முயற்சி செய்கிறேன். இரண்டாவது தடவை சிரித்துச் சொல்கிறேன், மூன்றாவதும் பரவாயில்லை, ஐந்தாவதில் குரல் என்னை மீறிப் போகிறது.

நேற்று ஆபீஸ் கிளம்பும்போது நோட்டைப் பார்த்தேன். 'படகுக்காரர் சரியாகிவிட்டார். நல்ல மனுஷன்' என்று எழுதி, அவரைப் பற்றிய ஒன்பது வரியையும் சிவப்பு மையால் அடித்திருந்தாள். நடுவில் இருந்த என் வரியை அடிக்கவில்லை.