பூட்டு தொங்கின மூணு நாள்

நான் வரையற மலைக்கெல்லாம் தலை தட்டை. ரொம்ப காலம் இது எனக்கே தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு வயசு நாப்பத்தெட்டு.

கோலார் தங்கவயல்ல மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கக்காரங்களுக்குக் கட்டின லைன் வீட்டுல பொறந்து அங்கயே கெடக்கறவ நான். ஸ்கூல்ல டிராயிங் மிஸ். சனி, ஞாயிறு ஆனா போர்டு, பெயின்ட் பொட்டி, ஒரு மடக்கு ஸ்டூல் மூணையும் தூக்கிகினு வெளிய கெளம்பிடுவேன். ரூமுக்குள்ள போட்டோவ பாத்து வரையறது எனக்கு ஆவாது. காத்து அடிக்கணும், வெயில் நகரணும், நெழல் எடம் மாறதுக்குள்ள முடிச்சாவணும். அப்பதான் கை ஒழுங்கா வேலை செய்யும்.

வெளியன்னா எங்க ஊருல இன்னா இருக்கு? சைனைட் மலை இருக்கு. பாறைய அரைச்சு, சைனைட் ஊத்தி தங்கத்த எடுத்துட்டு, மிச்ச மண்ண தலைமுறை தலைமுறையா கொட்டிகினே இருந்தாங்க. சுரங்கத்த மூடிட்டாங்க, மண்ணு மட்டும் மலையா நிக்குது. வண்டியில கொண்டாந்து கொட்டி நெரவினதால உச்சி மேஜை கணக்கா இருக்கும். மழை அறுத்த கோடு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓடும். எங்க ஊருலயே பாலகாட்டுன்ற எடத்துல அதுக்கு எதிர உக்காந்திருந்தா, சைக்கிள்ல போறவங்க நிறுத்திக் கேப்பாங்க.

"இன்னா மிஸ், சர்வே எடுக்கறீங்களா?"

"இல்லீங்க, வரையறேன்."

"இதையா? வரையறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

கெடைக்கலதான். உள்ளுக்குள்ள எரியும்.

எரிச்சல் அவங்க மேல இல்ல, வீட்டு மேல. எங்க லைன்ல ஒரு வழக்கம் உண்டு: வீட்ட பூட்டக் கூடாது. சுரங்கத்த மூடின பிறகு ஆளுங்க அந்தந்த வீட்டுலயே தங்கிட்டாங்க, ஆனா வீடு உன்னுதுன்னு ஒரு காகிதம் கைக்கு வரல. அதனால பூட்டு தொங்கற வீடு ஆள் இல்லாத வீடு. "பூட்டிப் பாரு, மறுநாளே வேற எவனாவது உன் வீட்டுல பால் காய்ச்சியிருப்பான்"னு அப்பா சொல்லுவாரு. லைன்ல எல்லாரும் சொல்லுவாங்க. எந்த வீட்டுல அப்படி ஆச்சுன்னு கேட்டிருந்தா, "மேல லைன்ல"ன்னு சொல்லியிருப்பாங்க. மேல லைன்ல போய் கேட்டிருந்தா, "கீழ லைன்ல"ன்னு சொல்லியிருப்பாங்க. நான் கேட்டதில்ல. இப்ப யோசிச்சாதான் தோணுது.

எங்க வீட்டுல பூட்டுன்னு ஒரு சாமானே கெடையாது. பகல்ல ஸ்கூலுக்குப் போனா தாழ்ப்பாள் போட்டு, கொடியில ரெண்டு துணி தொங்கவிட்டு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவேன். ராத்திரி கட்டாயம் ஆள் இருக்கணும். அப்பா போனாரு, அம்மா போனாங்க, தம்பி கல்யாணம் கட்டிகினு பெங்களூருக்குப் போனான். மிச்சம் நான். அம்மா கடைசியா என் கையப் புடிச்சுகினு சொன்னது கூட, "வீட்ட பூட்டாத." என்னைப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கட்டிப் போட்ட மாடு கயிறு எட்டற வரைக்கும்தான் மேயும். வெளக்கு வெக்கறதுக்குள்ள திரும்பற தூரம் எதுவோ, அதுவரைக்கும்தான் என் லேண்ட்ஸ்கேப்பு.

சகலேஷ்புரம் பக்கம் ஒரு காபி தோட்டத்துல வருஷா வருஷம் பத்து நாள் கேம்ப் நடக்கும். வெளிய உக்காந்து வரையறவங்கள மட்டும் கூப்புடுவாங்க. மூணு வருஷம் எனக்கு லெட்டர் வந்துச்சு. மூணு தடவையும் ஒடம்பு சரியில்லன்னு பொய் எழுதினேன். கொழந்த குட்டி இல்ல, படுக்கையில யாரும் இல்ல, நாலு சுவத்துக்காக வரமுடியலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. நாலாவது லெட்டர்ல, இந்த தடவையும் வரலன்னா அந்த எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடறோம்னு மரியாதையாவே எழுதியிருந்தாங்க. ஸ்கூல்லயும் லீவு குடுத்துட்டாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே? என் பூசாரி இந்த வீடு.

தம்பிக்கு போன் போட்டு அழுதேன். அழுவேன்னு நெனச்சு போடல, பேச ஆரம்பிச்சதும் வந்துடுச்சு.

"அழுவாதக்கா. பத்து நாளும் நான் வந்து தங்கறேன். அங்கேர்ந்தே லேப்டாப்ல வேலைய பாத்துக்கறேன். நீ போ."

ஞாயித்துக்கெழம சாயந்தரம் வந்துட்டான். திங்கக்கெழம விடிகாலையில நான் ரயிலேறினேன். பெங்களூருக்கு அதே ரயில்ல தினமும் ஆயிரம் பேர் வேலைக்குப் போறாங்க, நான் மட்டும் வெளிநாடு போற மாதிரி டிக்கெட்ட கையிலயே புடிச்சுகினு உக்காந்திருந்தேன்.

அங்க போய் எறங்கினா பச்சை. கண்ணு கூசற பச்சை. இருக்கற ஒரு மணி நேர வெளிச்சத்த விடுவானேன்னு பொட்டிய தொறந்து உக்காந்தேன். அப்பதான் பாத்தேன், பொட்டியில மஞ்சக் காவி ஆறு டியூப், சாம்பல் நெறம் கலக்க வெள்ள மூணு, பச்சை ஒண்ணே ஒண்ணு. அதுவும் வாங்கி எத்தன வருஷம் ஆச்சோ, மூடி ஒட்டிகினு தொறக்கல. பல்லால கடிச்சுத் தொறந்து வரைஞ்சேன். கேம்ப நடத்தற பெரியவரு பின்னாடி வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. கன்னடத்துல மெதுவா கேட்டாரு, "மேடம், அந்த மலை உங்களுக்கு எங்க தெரியுது?"

தலைய தூக்கிப் பாத்தேன். எதிர இருந்த மலை உருண்டு எழும்பி ஒரு மூக்கு வெச்சு முடிஞ்சுது. என் காகிதத்துல மூணு மலை, மூணும் தட்டை. போதாததுக்கு மழை அறுத்த கோடு வேற. காடு மூடின மலைக்கு ஏது கோடு? நான் எதிர இருந்தத பாக்கவே இல்ல. கை பாட்டுக்கு எங்க ஊர போட்டுகினு போயிருக்கு. இன்னும் ரெண்டு பேர் வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எனக்கு அந்தக் காகிதத்த கிழிச்சு வாயில போட்டுக்கலாம் போல இருந்துச்சு.

செவ்வாக்கெழமையும் அதே கதைதான். மலைக்கு மூக்கு வெக்கணும்னு நெனச்சுகினே போடறேன், உச்சிக்கு வந்ததும் கை படுத்துக்குது. பச்சை தீர்ந்துபோச்சு. பக்கத்துல வரைஞ்சவரு தன் டியூப் ஒண்ண குடுத்தாரு. புதன்கெழம காலையில வரையவே இல்ல. சும்மா உக்காந்து அந்த உச்சியவே பாத்துகினு இருந்தேன். மேகம் வந்து மூடுச்சு, வெலகுச்சு, மறுபடி மூடுச்சு. மத்தியானம் மேல பிரஷ்ஷ எடுத்தேன். அடிவாரம் வந்துச்சு. சரிவு வந்துச்சு. எல்லாம் அதே பச்சைன்னு நெனச்சதுல எத்தன பச்சை. என் வாழ்க்கையில அவ்ளோ சந்தோஷமா நான் வேலை செஞ்சதில்ல. உச்சிக்கு மட்டும் வெள்ளக் காகிதத்த விட்டு வெச்சேன், மேகம் வெலகட்டும்னு.

போன் அடிச்சுது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

"இன்னா மிஸ்ஸு, வீட்டுல பூட்டு தொங்குது?"

அவங்க ஆண்டர்சன்பேட்டைல மக வீட்டுக்குப் போய் அப்பதான் திரும்பியிருக்காங்க. தம்பிக்குப் போட்டேன். திங்கக்கெழம நான் கெளம்பின ரெண்டாவது மணி நேரமே ஆபீஸ்ல கூப்புட்டாங்களாம். கடை வீதியில ஒரு புது பூட்டு வாங்கி, போட்டுட்டு, சாவிய பாக்கெட்ல வெச்சுகினு போயிட்டான்.

"சொன்னா நீ திரும்பி வந்துடுவன்னுதான் சொல்லல. ஒண்ணும் ஆவாதுக்கா. பேசாம வரை."

வரைஞ்சிருக்கலாம். யாரும் என்ன வான்னு கூப்புடல. ஆன்ட்டி கூட, "நான் பாத்துக்கறேன், நீ இரு"ன்னுதான் சொன்னாங்க. நான்தான் பிரஷ்ஷ கழுவிட்டு, பெரியவர் கிட்ட ஒடம்பு சரியில்லன்னு அதே பழைய பொய்ய சொல்லிட்டு, பஸ் ஏறினேன். வழியெல்லாம் என் கண்ணு முன்னாடி ஒண்ணுதான்: எங்க அடுப்புல எவளோ ஒருத்தி பால் காய்ச்சறா. அவ மூஞ்சி கூட எனக்குத் தெரிஞ்சுது.

வியாழக்கெழம மத்தியானம் வீட்டு முன்னாடி போய் நின்னேன். பளபளன்னு பூட்டு. மூணு ராத்திரி தொங்கியிருக்கு. கதவ ஒருத்தரும் தொடல. ஜன்னல் ஜன்னலா போய் பாத்தேன், எல்லாம் வெச்சது வெச்ச எடத்துல. கொடியில நான் போட்டுட்டுப் போன ரெண்டு துணியும் அப்படியே ஆடிகினு இருந்துச்சு. சாவி என் கிட்ட இல்ல. தம்பி அடுத்த ரயில்ல வரேன்னு சொன்னான்.

வாசப்படியில உக்காந்து அந்த அரை படத்த எடுத்தேன். அவன் வரதுக்குள்ள முடிச்சுடலாம்னு. உச்சி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகத்துக்கு வரல. நேத்து காலை பூரா பாத்த உச்சி. எதிர நம்ம ஊரு மலைதான் நின்னுகினு இருந்துச்சு. பிரஷ்ஷ எடுக்க பயமா இருந்துச்சு, எடுத்தா கை இன்னா செய்யும்னு எனக்குத் தெரியும். படத்த மூடி வெச்சுட்டேன்.

தம்பி வந்தான். "பாத்தியா, ஒண்ணும் ஆவல. இன்னும் அஞ்சாறு நாள் இருக்கு. இப்பவே திரும்பிப் போக்கா, நான் கொண்டுபோய் வுடறேன்"னான்.

அவன் மேல எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பூட்டினதுக்குன்னு அவன் நெனச்சுகினான். அதுக்கில்ல. ஒண்ணும் ஆகாம போனதுக்கு. ஒரு ஜன்னலாவது ஒடைஞ்சிருந்தா, இத்தன வருஷம் நான் இங்க கெடந்ததுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

அவன் சாவிய நீட்டினான். நான் வெளிய நின்னுகினு இருந்தேன், துணி வெச்ச பை தோள்ல, பெயின்ட் பொட்டி கையில. சாயந்தர ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு.

சாவிய வாங்கி கதவ தொறந்தேன். ஆன்ட்டி கிட்ட அரை லிட்டர் பால் வாங்கிகினு உள்ள போய், அடுப்ப பத்த வெச்சு, பால் காய்ச்சினேன்.