அண்ணன் அடிக்கப் போயிருக்கு

மகனின் பள்ளிக் களிசான் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்து நீட்டிக்கொண்டு வரச் சொல்லி மனைவி போன வாரம் என்னைக் கண்டிக்கு அனுப்பினாள். தையல்காரர் துணியை மேசையில் விரித்து நீல வெண்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். நீல வெண்கட்டி என்று எழுதினால் தமிழ் வாத்தியார் அடிப்பார்தான், ஆனால் நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழகினோம். கோட்டைத் தொட்டுக் காட்டப் போன என் விரலில் தூள் ஒட்டிக்கொண்டது. சும்மா இருக்காமல் மூக்கருகே கொண்டுபோனேன். அதோடு வீடு திரும்பும் வரை என் புத்தி என்னிடம் இல்லை.

ஒரு காலத்தில் என் விரல்கள் எப்போதும் இந்த நீலமாகத்தான் இருக்கும். பகலில் பெயின்ட் கடையில் வேலை என்பதால் யாரும் கேட்கவில்லை. உண்மையில் அது பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து வந்த நீலம். பந்தை அடிக்கும் கோலின் நுனியில் அந்த வெண்கட்டியைத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிவிடும். ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது அந்த இடம். கீழேயிருந்து மீன் அடைத்த மாலுப்பாண் வாசனை ஏறி வரும். பசியோடு குறிபார்த்த பந்துகள்தான் எனக்கு எப்போதும் சரியாக விழுந்தன.

இன்னொரு பைத்தியம் கிட்டார். எங்கள் ராக் பேண்டில் நான் லீட் வாசித்தவன். லீட் என்று சொல்லும்போது இந்த வயதிலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸ் ரிஸ்வான். கெலிஓயாவில் அவன் வாப்பாவின் டயர்க் கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில்தான் வாசித்துப் பழகுவோம். ரப்பர் நாற்றத்தில் தலை சுற்றும், அதை இசையின் மயக்கம் என்று நினைத்துக்கொள்வோம். பழகி முடித்ததும் நான் பஸ் பிடித்து பேக்கரி மாடிக்கு ஓடிவிடுவேன். அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு பந்தும் பந்தும் மோதும் அந்தச் சின்னச் சத்தம் காதுக்கு மருந்து. ரிஸ்வானுக்குப் பில்லியர்ட்ஸ் பிடிக்காது. "நீ எங்கள உட்டுட்டு அந்தப் பச்சத் துணியக் கலியாணம் முடி" என்பான்.

எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். கிட்டாரும் அடிக்கிறதுதான், பில்லியர்ட்ஸும் அடிக்கிறதுதான். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்வாள்: "அங்கயும் அடி, இங்கயும் அடி. எவனும் திருப்பி அடிக்காம இருந்தா சரி." சிரிப்போம். அந்தச் சொல்லே என்னைத் திருப்பி அடிக்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

ஹுன்னஸ்கிரிய பக்கம் மலைமேல் புதிதாகத் திறந்த ஹோட்டலொன்று சனிக்கிழமைகளுக்கு நிரந்தரமாக ஒரு பேண்ட் தேடியது. வந்து வாசித்துக் காட்டுங்கள் என்றார்கள். கிடைத்தால் ரிஸ்வான் டயரை விட்டுவிடலாம், நான் பெயின்டை விட்டுவிடலாம். கிடைத்துவிட்டதாகவே நினைத்து நடந்தோம். சரியாக அந்த நேரத்தில்தான் என் இடக்கை மோதிர விரல் மடங்கத் தொடங்கியது.

வலி இல்லை, வீக்கம் இல்லை. கம்பியில் வைத்தவுடன் விரல் தொட்டாற்சுருங்கி மாதிரி உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். கிட்டாரைக் கீழே வைத்தால் நல்ல பிள்ளையாக நிமிர்ந்துகொள்ளும். ஒரு டாக்டர் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், போட்டேன். பேனையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். "கையில ஒண்ணும் இல்ல, மனசுலதான்" என்று அனுப்பிவிட்டார். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் விரலோடு ஐஸ்கிரீம் குச்சியை வைத்துக் கட்டி வாசித்துப் பார்த்தேன், கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். ஹோட்டலில் வாசித்துக் காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிட்டார் இல்லாவிட்டால் நான் யார் என்று கேட்டால், பெயின்ட் கடைப் பையன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழகப் போக வேண்டிய நேரத்தில், ரிஸ்வானிடம் போனில் சொன்னேன்: "கை சரியில்லடா, விரல் மடங்குது. இன்னிக்கு என்னால அடிக்க முடியாது." பிறகு போனை வீட்டிலேயே போட்டுவிட்டு பேக்கரி மாடிக்குப் போனேன். அங்கே மட்டும்தான் அந்த விரல் சொன்னபடி கேட்டது. இடக்கையைத் துணியில் ஊன்றி, விரல்களை விரித்து, அதன்மேல் கோலை வைப்பேன். மோதிர விரல் நேராக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கவே போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

ரிஸ்வான் மனசு கேட்காமல், கை எப்படி என்று விசாரிக்கத் திரும்ப எடுத்திருக்கிறான். போனை எடுத்தது என் தங்கச்சி. "அண்ணன் அடிக்கப் போயிருக்கு" என்றிருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவனுக்குக் கேட்டதோ, நான் வேறு பேண்டுக்கு வாசிக்கப் போய்விட்டேன் என்று. பேண்டுகள் வாசித்துப் பழகும் இடங்களையெல்லாம் ஏறி இறங்கித் தேடிவிட்டு, கடைசியில் மாடிக்கு வந்தான். நான் கறுப்புப் பந்துக்குக் குனிந்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் விரிந்திருந்த கையைப் பார்த்தான்.

"வெரல் நல்லாத்தானே ஈக்கி."

"இங்க ஒண்ணும் செய்யாதுடா. கிட்டார்ல மட்டுந்தான் மடங்குது. நெசமா."

"கிட்டாரக் கண்டா மட்டும் மடங்குற வெரல் எந்த ஊர்லயும் இல்ல மச்சான். அடிக்க விருப்பமில்லாட்டி செல்லு. பொய் செல்ல வாணாம்."

நியாயமாகப் பார்த்தால் எனக்கே என்னை நம்ப முடியவில்லை. அவனை எப்படிக் குறைசொல்வது? படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே குனிந்து நின்றேன்.

அவனை நம்பவைக்க ஒரே வழி தெரிந்தது. பில்லியர்ட்ஸை விட்டேன். கிட்டார் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, கைக்குள் மிச்சமிருந்த ஒன்றை நானே தூக்கிக் கொடுத்தேன். நான் அந்த மாடிக்கே போவதில்லை என்று அவன் காதுக்கு எட்டும், யோசிப்பான், வருவான் என்று காத்திருந்தேன். காதுக்கு எட்டத்தான் செய்தது. "பாத்தீங்களா, புடிபட்டதும் நிப்பாட்டிட்டான்" என்று பேண்டில் மற்றவர்களிடம் சொன்னானாம்.

ஹோட்டலுக்கு வேறொருவனோடு போனார்கள். வேலை கிடைத்தது. பெயின்ட் கடையில் நின்றபடி சனிக்கிழமைகளை நான் எப்படிக் கழித்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். சில வருடங்களில் அந்த ஹோட்டல் மூடப்பட்டது, பேண்ட் கலைந்தது, ரிஸ்வான் கட்டாருக்கு வேலைக்குப் போனான். பேக்கரி மாடியில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

வெகுகாலம் கழித்து, அம்மாவின் முழங்காலைக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்படி ஒரு வியாதி உண்டாம். ஒரே ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் வருமாம், வாத்தியக்காரர்களுக்கு அதிகமாம். "மத்த வேலைக்கெல்லாம் அதே விரல் நல்லாவே இருக்கும்" என்றார். அம்மாவை மறந்து நான் வெளியே வந்து நின்றுவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை, ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

இந்தப் பெருநாளுக்கு ரிஸ்வான் கட்டாரிலிருந்து பேசினான். பிள்ளைகளை விசாரித்தான், நல்ல மனுசன். நான் மெதுவாக ஆரம்பித்தேன். "டேய், அந்த விரல் விசயம்... அது பொய் இல்லடா. அதுக்கு ஒரு பேரே இருக்காம்."

"எந்த வெரல் மச்சான்?" என்றான்.

உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் ஒன்றுமில்லை என்றேன். அவன் சிரித்துவிட்டு, பழைய பாசத்தோடு கேட்டான்: "சரி, இப்பவும் அடிக்கிறியா?"

எதைக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை.

"இல்லடா" என்றேன்.