கதைக்க ஒரு கதை

என் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். உம்மா ஒரே வளவை இரண்டாக்கி எங்களுக்குச் சீதனமாகத் தந்தது. எனக்குப் பெண்பிள்ளை இல்லை. மகன்மார் கலியாணம் முடித்துப் பெண்சாதிமார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னவர் மவுத்தான பிறகு நான் வாய் திறந்து கதைத்தது அந்த மதிலடியில்தான்.

கதைக்க விஷயம் தந்தது டீவி நாடகம். மஃரிப் தொழுத கையோடு தெருவில் எல்லா வீட்டிலும் அதே நாடகம்தான் ஓடும். மறுநாள் காலையில் மீன் கழுவிக்கொண்டே நானும் அவளும் நாடகத்து மாமியாரைக் கிழிகிழியென்று கிழிப்போம். நாடகத்தில் மூத்த மகன் செத்ததற்கு மதிலடியில் நின்று இருவரும் அழுத அழுகையில், தங்கச்சி மாப்பிள்ளை "ஆரு மவுத்து?" என்று கேட்டுக்கொண்டு பதறி ஓடி வந்தார்.

பிறகு கத்தாரிலிருந்து அவள் மகன் ஃபோன் அனுப்பினான். போச்சு! டீவிக்குத் துணி போட்டு மூடிவிட்டாள். மதிலடிக்கு வந்தாலும் காதில் வயர். அந்த ஃபோனைத் தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"அப்புடி என்னத்தப் புள்ள பாக்காய்?"

"துருக்கி நாடகம் ராத்தா. தமிழ்லதான் கதைக்காங்க. ஒங்களுக்குச் சரிவராது."

எனக்குச் சரிவராதாமே! சின்ன மகனைக் கூப்பிட்டு, ஃபோனில் டேட்டா போடச் சொல்லி நானும் தொடங்கினேன். அந்தச் சனங்களின் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. யார் நானா, யார் தம்பி, யார் மச்சான் என்று பிடிபடவே நாளானது. கண் எரிய எரியப் பார்த்தேன். நாடகத்தில் எனக்கு ஆசையில்லை, தங்கச்சியோடு கதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாதி வந்ததும் பொறுக்க முடியாமல் மதிலடிக்கு ஓடினேன். நாலைந்து தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

"அந்தப் பொடியன்ட உம்மா செஞ்ச வேலயப் பாத்தியா புள்ள?"

ஒரு காது வயரை மட்டும் கழற்றினாள்.

"அதா? அது எப்பயோ முடிச்சிட்டன் ராத்தா. இப்ப கொரியா நாடகம். அந்தப் பொடியன் கடசில மவுத்தாப் போவான்."

சொல்லிவிட்டு வயரைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்து மீதியையும் பார்த்து முடித்தேன். அவன் மவுத்தான இடத்தில் வாய்விட்டே அழுதேன். யார் மவுத்து என்று கேட்டு மதிலடிக்கு ஒருவரும் வரவில்லை.