சூரை மீனும் டேவிட்டின் மாத்திரையும்

ஆவூர் அமலராணிக்குக் கோயில் காரியம் என்றால் தனிச் சட்டம். கவிச்சி வாடையடிக்கும் கையோடு மாதா முன்னால் நிற்கவே மாட்டாள். ஆய்ந்து கழுவாத மீனை பிரிட்ஜிலும் வைக்க மாட்டாள். இரண்டு சட்டமும் சேர்ந்து அந்தத் தவக்கால வெள்ளிக்கிழமை அவளைக் கவிழ்த்துவிட்டன. காலையில் வண்டிக்காரரிடம் வாங்கிய சூரை மீனைப் பையோடு அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுச் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிவிட்டாள்.

மீன் அவள் புருஷன் டேவிட்டுக்கு. கொத்தனார், காசநோய் வந்து பாதி ஆளாகியிருந்தார். ஆஸ்பத்திரி மாத்திரையில் இருமல் அடங்கி, இப்போதுதான் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தில், அவர் குணமாகும்வரை வெள்ளிதோறும் பொழுது சாய்ந்த பிறகே சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டு அமலராணி ஒருசந்தி இருந்தாள்.

வெயிலில் பதினான்கு ஸ்தலமும் முழங்கால் போட்டுத் திரும்பும்போது உச்சி தாண்டிவிட்டது. மீனில் கெட்ட வாடை இல்லை. மிளகாய் தடவி மொறுமொறுவென்று பொரித்தாள். டேவிட் ஆசையாகத் தின்றார். சற்று நேரத்துக்கெல்லாம் முகம் செங்கல்லாகச் சிவந்து, தலை வெடிக்க, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஊசி போட்டதும் தணிந்தது. மீன் தின்ற கதையைக் கேட்டு டாக்டரம்மா யோசித்தார். "மாத்திரை ஒத்துக்காமயும் இப்படி வரலாம்ங்க. இப்போதைக்கு நிறுத்திட்டு, ஒவ்வொண்ணாக் குடுத்துப் பார்க்கணும்."

"ஒண்ணும் குடுக்க வேணாம். இனிமே அந்த எழவைத் தொடவே மாட்டேன்" என்று டேவிட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் பிடிவாதம் அமலராணிக்குத் தெரியாததா?

"அந்த மீனை வேற யாரும் சாப்பிட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் பட்டென்று. பொய். உப்புப் பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே ஒரு துண்டை முழுசாகத் தின்றிருந்தாள், அதுவும் ஒருசந்தி நாளில். நாக்கு சுரீரென்றது, காது மடலெல்லாம் எரிந்தது. வெயிலில் நின்ற சூடு என்று விட்டுவிட்டாள். இதைப் புருஷன் காதுபடச் சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வாரே! ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த ஒடுங்கிய முதுகைப் பார்த்ததும் வெட்கமெல்லாம் ஓடிப்போயிற்று.

"நானும் ஒரு துண்டு தின்னேன் டாக்டர். எனக்கும் நாக்கு சுரீர்னுச்சு, காதெல்லாம் எரிஞ்சுச்சு. நான் மாத்திரை எதுவும் போடுறதில்லைங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா! அப்ப கோளாறு மீன்லதான். சூரை மாதிரி மீனு சூட்டுல கிடந்தா, கிருமி அதுல ஹிஸ்டமின்னு ஒண்ணை உண்டாக்கிரும். வாடையும் வராது, பொரிச்சாலும் போகாது. நம்ம ஒடம்பு கொஞ்சம் கொஞ்சமா அதை முறிச்சுத் தள்ளிரும். இவர் போடுற மாத்திரையில ஒண்ணு அந்த வேலையைத் தடுக்குது. அதான் ஒங்களுக்கு எரிச்சலோட போனது, இவரைச் சாய்ச்சிருச்சு."

"அப்ப மாத்திரையை நிறுத்த வேணாமாங்க?"

"நிறுத்தவே கூடாது. மாத்திரை முடியிற வரைக்கும் சூரை, அயிலையைத்தான் நிறுத்தணும். இனிமே எந்த மீன் வாங்கினாலும் ஒடனே ஐஸ்ல போடுங்க."

அமலராணி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சுவர்ப்பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "ஒருசந்தியாம்ல, ஒருசந்தி!"

இப்போது டேவிட் அரிமளத்தில் சாரம் ஏறிப் பூச்சு வேலை பார்க்கிறார். சளியில் கிருமி இல்லை என்று டாக்டரம்மா சொன்ன நாளுக்கும் அமலராணி நன்றி சொல்லத்தான் செய்கிறாள். ஆனால் மாதா முன்னால் நின்றதும் அவளுக்கு முதலில் நினைவு வருவது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை. அவள் தண்ணீரும் மாத்திரையுமாகப் பயந்து பயந்து கிட்டே போனபோது, டேவிட் தாமே கையை நீட்டினார்.

"குடு அமலா. ஒன்கூட இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்ல."