பூவம்மா நடத்தாத தையல் வகுப்பு

ஜூரோங்கில் ஒரு பல் கிளினிக்கின் முன்பதிவு மேசையில் பூவம்மா இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருந்தாள். நாள் குறித்துவிட்டு வராமல் போகிறவர்களை மறுபடி வரவழைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. உணவங்காடியில் யாரையாவது பார்த்தால்கூட, "ஐயா, அந்தக் கடைவாய்ப் பல்லு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். கேட்கப்பட்டவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

பல் காட்ட வந்த மயூரா என்ற மனநல ஆலோசகர் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள். தமிழர்கள் சுலபமாக வந்துபோகிற இடத்தில், மணிக்கணக்கில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லையாம். பூவம்மாவின் மனத்தில் அது ஒட்டிக்கொண்டது. 2022 மார்ச் 14, திங்கட்கிழமை, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகளும் ஒரு கூடமுமாக 'கனிவகம்' திறக்கப்பட்டது. வார நாட்களில் கிளினிக், சனிக்கிழமை கனிவகம் என்று ஏற்பாடு.

"கவுன்சலருங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியா?" என்றான் கணவன் சேதுபதி.

"ரூம் வேணும்னாங்க, ரூம் இருக்கு. வர்றவங்களுக்கு வீடு மாதிரி இருக்கணும். அத நான் பாத்துக்கிறேன்."

கூடத்தில் எட்டுப் பிரம்பு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். நடுவில் தேநீர்க் குடுவை, பக்கத்தில் ஒரு கிண்ணம் மல்லிகை. வந்தவர்கள் ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்து, தலை நிமிராமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாற்காலிய சுவர் பக்கமாத் திருப்பிப் போடலாமே. பேர் சொல்லியும் கூப்பிட வேண்டாம்" என்றாள் மயூரா.

"பின்ன, நம்பர் சொல்லியா கூப்பிடறது? மீன் கடையா லா இது?"

மயூரா சிரித்துவிட்டாள். பூவம்மா இரண்டு நாற்காலிகளை மட்டும் திருப்பிப் போட்டாள். ஆகஸ்டு மாதம் ஆறு ஆலோசகர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

செங்காங்கில் இருக்கும் கவிப்ரியா மயூராவிடம் முதலில் வந்தது செப்டம்பர் 3, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. முப்பது வயதுக்குள் இருக்கும். உள்ளே என்ன பேசினாள் என்பது பூவம்மாவுக்குத் தெரியாது. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது தெரியும். முதல் இரண்டு வாரம் அவள் தேநீரைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் பாதி குடித்தாள். ஐந்தாம் வாரம், "டீ நல்லா இருக்குக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் சேதுபதியிடம், "ஒரு பொண்ணு தேறி வருது" என்றாள் பூவம்மா. அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆறாம் வாரம் கவிப்ரியா வரவில்லை.

மறுநாள் அக்டோபர் 9, ஞாயிறு. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. தேக்கா சந்தையில் கால் வைக்க இடமில்லை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கவிப்ரியாவைக் கண்டதும் பூவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"என்னம்மா, நேத்து வரலியே? மயூரா ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்க."

கவிப்ரியாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளுகூடை முன்னால் வந்தது. அதைப் பிடித்திருந்தவர் அவளுடைய மாமியார் முத்தாயி.

"எங்க வரல? சனிக்கிழமைன்னா ஆபீஸ்னுல்ல சொல்லுவா?"

கவிப்ரியாவின் கை முருங்கைக்காயின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பூவம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"தையல் கிளாஸ்மா. ஆபீஸ் முடிஞ்சு என்கிட்ட வருவா."

"தையலா? இவளா? பட்டன் பிஞ்சா சேஃப்டி பின் குத்துறவ லா இவ!"

"அதான் கத்துக்க வர்றா."

கவிப்ரியா முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அடுத்த சனிக்கிழமையும் பதினொரு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. பூவம்மா நடந்ததை மயூராவிடம் மறைக்காமல் சொன்னாள்.

"வெளியில பாத்தா, அவங்களா பேசுற வரைக்கும் நாங்க பேசவே மாட்டோம்க்கா. எங்க வேலையில அது பாலபாடம்."

"தெரிஞ்ச பொண்ணப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறதா? அவமரியாதை இல்லையா?"

"அவங்களுக்கு அதுதான் மரியாதை."

"சரி. அந்தப் பொண்ணு வேற எங்கயாச்சும் போறாளா? அத மட்டும் சொல்லும்மா."

"அதையும் சொல்லக்கூடாதுக்கா."

மாதக் கடைசியில் மயூரா வேறிடம் பார்த்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். 2023 ஜனவரி 31, செவ்வாய்க்கிழமை, கனிவகம் மூடப்பட்டது.

கனிவகம் ஏன் நடக்கவில்லை என்பதற்குச் சேதுபதி காரணங்களை அடுக்கினான்: வாடகை, மெல்லிய தடுப்புச் சுவர், கீழ்க்கடையின் பாட்டுச் சத்தம். பூவம்மா எதையும் மறுக்கவில்லை.

"பல்வலிய நாலு பேர்கிட்ட சொல்லலாம். இத அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு தேக்காவுக்குப் போனால் அவள் பார்வை காய்கறியைவிட்டு நகராது. கனிவகத்துக்கு வந்துபோனவர்களில் பதினொரு பேர் எதிர்ப்பட்டார்கள். நான்கு பேர் தாமாகப் பேசினார்கள். அந்த நால்வரிடம் மட்டும் பேசினாள். கவிப்ரியா கண்ணில் படவே இல்லை. தான் கேட்ட ஒரு கேள்வியால் அந்தப் பெண்ணின் வழி அடைபட்டுப் போயிற்றோ என்பது மட்டும் பூவம்மாவின் மனத்தை விட்டுப் போகவில்லை.

2023 நவம்பர் 18, சனிக்கிழமை பிற்பகல், தங்கை வீட்டுக்குப் போவதற்காகச் செங்காங்கில் எல்ஆர்டி ரயிலில் ஏறினாள். எதிர் இருக்கையில் கவிப்ரியாவும் முத்தாயியும் உட்கார்ந்திருந்தார்கள். பூவம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கவிப்ரியாவும் பேசவில்லை.

"அட, தையல் டீச்சர்தானே நீங்க?" என்றார் முத்தாயி. "ஒண்ணு கேக்குறேன். இவ ஒரு சனிக்கிழமை தவறாம கிளாஸ், கிளாஸ்னு கெளம்பிடுறா. இன்னிக்குக் காலையிலகூடப் போயிட்டுத்தான் வந்தா. ஒரு வருசமாச்சு. ஒரு ஜாக்கெட் தச்சுக் காட்டல. என்னதான் சொல்லித் தர்றீங்க?"

கனிவகம் மூடி ஒன்பது மாதம் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

கவிப்ரியா அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கைப்பை மடியில் கிடந்தது. வாரை அவள் முறுக்கவில்லை.

"அளவெடுக்கப் பழகவே ஒரு வருசம் ஆகும்மா" என்றாள் பூவம்மா. "ஒழுங்கா வர்றா. தொடர்ந்து அனுப்புங்க."

"அடுத்த தீபாவளிக்காச்சும் தைப்பாளா?"

"அவசரப்படுத்தாதீங்க."

வண்டி நின்றதும் பூவம்மா எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள். அவள் இறங்க வேண்டியது அதற்கு அடுத்த நிறுத்தம்.