திருகோணமலைக்கு நாலு பேர்

எங்கள் அக்கா சண்முகவடிவுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே அவளிடம் குரலை உயர்த்த யோசிப்பார். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஊர் பார்க்கக் கிளம்பினாள். அது 2003 ஆகஸ்டில். சண்டை ஓய்ந்து, திருகோணமலைக்குப் பஸ் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

அவள் மகன் அழகன் பதினெட்டு வயதில் திருகோணமலைக்கு, ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். அதே வருஷம், தொண்ணூற்றாறில், காணாமல் போனான். கடைக்காரரிடம், பொலிசில், குறி சொல்கிறவரிடம் என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. மிஞ்சியது அவன் கடைசியாகப் போட்ட கடிதம் மட்டும்தான்.

"அம்மா, கடல் நம்ம டேம் மாதிரி இல்ல, அக்கரையே தெரியாது. நீங்க வந்தா முதல்ல கன்னியா வெந்நீர்க் கிணத்துல குளிக்கணும். அப்புறம் கோட்டை, கோணேஸ்வரர் கோயில். கடலைக் கடைசியா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

அந்தக் கடிதம்தான் எங்கள் பயணத் திட்டம். மூன்று நாள் லீவில் கடலை முதலில் பார்த்துவிடலாமே என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

"அவன் எழுதின மாதிரித்தான் போறோம்" என்றாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்களுக்குள் சண்டை வந்தது ஆள் கணக்கில். போவது அக்கா, அவள் புருஷன் பொன்னையா மச்சான், நான். மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பழக்கம். கிளம்பியே ஆக வேண்டுமென்றால், வாசலில் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக மடியில் கட்டிக்கொள்வோம்.

"கல்லு எடுக்கணும்க்கா" என்றேன்.

"எதுக்கு? நாங்க நாலு பேரு. அவன் அங்க இருக்கான்ல."

"இருந்தா ஏழு வருஷமா ஒரு கடுதாசி போட மாட்டானா?"

என் நாக்கில் சனி. இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "செத்தவங்க காரியத்துக்குத்தான் கல்லு வைப்பாங்க, லெட்சுமி. நான் கல்லு எடுத்தா, எம்புள்ளய நானே கல்லாக்கின மாதிரி."

மச்சானின் எண்ணம் வேறு. கன்னியாக் கிணற்றடியில் செத்தவர்களுக்குக் காரியம் செய்வார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஒரு பொட்டலம் எள்ளை, பையின் அடியில், தான் உடுக்கும் சாரத்துக்குள் சுருட்டி வைத்திருந்தார். எனக்கு மட்டும்தான் சொன்னார்.

"ஒரு கை எள்ளுத்தண்ணி ஊத்தாம அவனை எத்தன வருஷம் அலைய விடுறது?"

தங்குவதற்கு, கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மடத்துக்குக் கடிதம் எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் நாலு பெயர், நாலு அடையாள அட்டை இலக்கம் எழுதினேன். எங்கள் மூன்று பேருக்கும் அட்டையைப் பார்க்க வேண்டியிருந்தது. அழகனுடையதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.

கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம், நோட்டன் பிரிட்ஜ் டெலிபோன் கடையிலிருந்து மடத்துக்குப் பேசினேன். மடத்துப் பெரியவர்தான் எடுத்தார்.

"நாலு பேருக்கும் அறை இருக்குப் பிள்ளை. ஒராள் காலமையே வந்திட்டார். அழகன் எண்டு ஒரு தம்பி. உங்கட அறையிலதான் படுத்திருக்கிறார்."

வேறு யாரோ அதே பெயரில் வந்திருக்கலாம், பெரியவர் பட்டியலைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம் என்று மனம் என்னென்னவோ சொன்னது. ஆனால் மறைக்க வழியில்லை. அக்காவின் காதும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஏழு வருஷமாகச் சிரிக்காதவள், கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பேருக்கு ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்துக் கட்டினாள். மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எள்ள எடுத்திரவா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விடியப் புறப்பட்டு, ஹட்டனிலும் கண்டியிலும் பஸ் மாறி, மத்தியானம் தாண்டி மடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் அறையைத் திறந்துவிட்டார். மூன்று பாய்கள் சுவரில் சாய்ந்திருந்தன. நாலாவது தரையில் விரித்துக் கிடந்தது. அதில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரம். அறை முழுக்க உப்பு வாசம்.

"நேற்றுப் பின்னேரம் கடல்ல குளிச்சிட்டு வாறன் எண்டு போனவர், இன்னும் வரேல்லை" என்றார் பெரியவர். "ரெண்டு மாசமா இஞ்ச மழையில்லை. அந்தப் பாய் ஏன் காயேல்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"ஐயா, பையன் பாக்க எப்பிடி இருந்தான்?"

"சின்னப் பொடியன். மீசை இப்பத்தான் அரும்புது. பதினெட்டுக்கு மேல இராது."

அக்கா விரல் மடித்து எண்ணினாள். பதினெட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமாகக் கூட்டிக்கொண்டே வந்து, இருபத்தைந்தில் நிறுத்தினாள். விரல்கள் மடிந்தபடியே இருந்தன. அவள் அழவில்லை. ஈரப் பாயைப் பக்குவமாகச் சுருட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, வெளியே முற்றத்துக்குப் போனாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். முந்தானையில் மண்ணைத் துடைத்து, மடியில் முடிந்துகொண்டாள்.

"ஏங்க, அந்த எள்ளு பையிலதான இருக்கு?" என்று மச்சானிடம் கேட்டாள். எல்லாம் அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. மச்சான் தலையை ஆட்டினார்.

"அப்ப வாங்க, கன்னியாவுக்குப் போவோம். மூணு பேராப் போகக் கூடாதுல்ல."