சம்பளத்துக்கு 'இருக்கட்டும்' கிடையாது

இந்த நாட்டில் ஒருமுறை வேண்டாமென்றால் வேண்டாம்தான். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி காபி வேண்டுமா என்று கேட்டார். திருச்சி மரியாதைப்படி "நோ, தேங்க்ஸ்" என்றேன். அவர் சிரித்தபடி, எடுத்த கோப்பையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். நாக்கு வறள வீட்டுக்கு வந்து நானே போட்டுக் குடித்தேன். நம் ஊரில் முதல் "இருக்கட்டும்" பேச்சுக்குச் சொல்வது; இன்னும் இரண்டு முறையாவது வற்புறுத்துவார்கள் என்று நம்பித்தான் சொல்கிறோம்.

வேலை பார்க்க அனுமதி வந்ததும் ஐசலின் என்ற ஊரில் ஒரு பலகாரக் கடையில் சேர்ந்தேன். முதலாளி மயிலாப்பூர்க்காரர்; எல்லோருக்கும் அங்கிள். நியூ ஜெர்சியில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒவ்வொரு ஜனவரியும் அரசாங்கம் உயர்த்தும். நான் சேர்ந்த பிறகு வந்த முதல் ஜனவரியில், முறுக்குத் தட்டைத் துடைத்துக்கொண்டே அங்கிள் கேட்டார்.

"கவர்ன்மென்ட்ல ரேட் ஏத்திட்டாங்களாம். உனக்கும் ஏத்தணுமாம்மா?"

"பரவால்ல அங்கிள், இருக்கட்டும்."

மறுபடி கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வாய் காபி குடிக்கச் சொல்லி மன்றாடுகிற மனிதர், சம்பளம் என்றதும் சுத்த அமெரிக்கராகிவிட்டார். ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வருடம் முழுக்க வயிற்றெரிச்சல்.

என்னோடு பாக்கிங் பார்க்கும் மார்த்தா குவாத்தமாலாக்காரி. டிசம்பரில் இதை அவளிடம் சொன்னபோது அவளுக்கு விளங்கவே இல்லை. வேண்டுமென்றால் ஏன் வேண்டாமென்றாய் என்று கேட்டாள். மரியாதை என்றேன். கை உறையைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள். நீயே வேண்டாமென்று சொன்னாலும் அவர் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி என்றாள். எனக்காக வற்புறுத்த ஒரு சட்டமே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஜனவரியில் அங்கிள் அதே சிரிப்போடு அதே கேள்வியைக் கேட்டார்.

"ஏத்தணும் அங்கிள். போன வருஷத்துதும் சேத்து. நான் வேணாம்னாலும் நீங்க குடுத்தே ஆகணுமாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. "உன்னை நம்ம வீட்டுப் பொண்ணா தானேம்மா நெனச்சேன்."

"அதான் அங்கிள், லேபர் ஆபீஸுக்குப் போகாம உங்ககிட்டயே கேக்கறேன்."

பாக்கியோடு காசோலை வந்தது. கார் நிறுத்துமிடத்தில், கொட்டும் பனியில், மார்த்தா என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நடக்கவில்லை.

ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத அங்கிள், ஒருநாள் சாயங்காலம் தானே காபி போட்டு எடுத்து வந்தார்.

"காபி சாப்புடறியாம்மா?"

"இருக்கட்டும் அங்கிள்" என்றது வாய். கை அதற்குள் டம்ளரை வாங்கியிருந்தது.